லைன் ரெண்டு, வழி ஒண்ணு: லோடு பேலன்சருக்கு கேட்வே போடும்போது என்ன நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு சர்வர்ல மூணு நெட்வொர்க் கார்டு இருக்கு. மூணும் மூணு வேற வேற நெட்வொர்க்ல மாட்டியிருக்கு. எத்தனை டிஃபால்ட் கேட்வே போடுவீங்க?

நேர்காணல்ல இதைக் கேட்டா நிறைய பேர் டக்குனு "மூணு" என்பாங்க. கார்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு. ஐபி அட்ரஸ் போடற அதே ஸ்க்ரீன்ல கேட்வேன்னு ஒரு கட்டம் காலியா இருக்கும். காலியா இருந்தா நம்ம கை சும்மா இருக்காது, நிரப்பிடுவோம். ஆனா சரியான பதில், ஒரு ரூட்டிங் டேபிளுக்கு ஒரு டிஃபால்ட் கேட்வே. சாதாரணமா மெஷின்ல பயன்பாட்டுல இருக்கறது ஒரே டேபிள்தான். அதனால ஒரே கேட்வேதான். இன்னொரு கேட்வே வேணும்னா இன்னொரு டேபிள் வேணும், எந்தப் பாக்கெட் எந்த டேபிளைப் பார்க்கணும்னு ஒரு ரூலும் வேணும்.

இதைத்தான் இன்னைக்கு விரிவாப் பேசப்போறோம். இது லேப்ல மட்டும் வர்ற பிரச்சனை இல்லை. வடசென்னையில டிரெய்லர் ஓட்டறவங்களோட ராத்திரித் தூக்கத்தையும் இது பறிச்சிருக்கு. அதையும் சொல்றேன்.

பேப்பர் இல்லாம சக்கரம் நகராது

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வராதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சென்னைத் துறைமுகம் 1881-லேர்ந்து இயங்குது. அதுக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர்ல எண்ணூரில் காமராஜர் துறைமுகம், 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதை ஒட்டியே காட்டுப்பள்ளி. இந்த மூணுக்கும் நடுவுல மணலி, மாதவரம், திருவொற்றியூர்னு சரக்குப் பெட்டக யார்டுகள் நிறைய இருக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசையா நிக்கறதை அந்தப் பக்கம் போனவங்க எல்லாருமே பார்த்திருப்பாங்க.

அந்த வரிசையில ஒரு வண்டி நகர டீசல் மட்டும் போதாது, பேப்பரும் வேணும். ஏற்றுமதிப் பெட்டி உள்ளே போக ஃபார்ம் 13 வேணும். சுங்கத் துறை வேலைக்கு ஐஸ்கேட் தளம் இருக்கு. அந்தப் பேர்லயே "எலக்ட்ரானிக் கேட்வே" இருக்கறதைக் கவனிங்க. இது தவிர ஒவ்வொரு யார்டும் தன் டிரைவர்களுக்காகத் தனியா ஒரு சின்ன வெப் பக்கம் வெச்சிருக்கும். வண்டி நம்பர் போட்டா உங்க முறை எப்போ, எந்தப் பெட்டி, எந்த லேன்னு காட்டும். டிரைவர் கையில இருக்கற போன்ல அந்தப் பக்கம் திறக்கலைன்னா, அவர் முறை வந்தும் அவருக்குத் தெரியாது.

இந்தக் கால் வேலை செய்யுது, அந்தக் கால் செய்யலை

நான் நெட்வொர்க் வேலை பாக்கறவன். ஒரு யார்டுல இருந்து கூப்பிட்டாங்க. பேர் வேண்டாம். அவங்களோட டிரைவர் பக்கம் ரெண்டு வாரமா "சில பேருக்கு வருது, சில பேருக்கு வரலை"ன்னு புகார். ஆபீஸ்ல உட்கார்ந்து யார் பார்த்தாலும் பக்கம் பளிச்சுனு திறக்குது. அதனால அங்க இருந்த முடிவு ரொம்ப எளிமையானது: டிரைவர் போன் சரியில்லை, டேட்டா பேக் தீர்ந்திருக்கும், அவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியலை.

கேட்டுக்கு வெளியே நின்னுட்டிருந்த ஒரு டிரைவர்கிட்ட பேசினேன். எர்ணாவூர்க்காரர். "தம்பி, இந்தாண்ட பாரு, சுத்திக்கினே இருக்குது. பின்னாடி வண்டிக்காரனுக்கு உடனே தொறக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே சிம்முதான். நேத்து ராத்திரி என் முறை போயே போச்சு, காலைல வரைக்கும் இங்கயே கெடந்தேன்"ன்னார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சிம்"ங்கற அந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைச்ச முதல் நல்ல தகவல். போனும் காரணம் இல்லை, நெட்வொர்க் கம்பெனியும் காரணம் இல்லை. அப்போ வேற எது மாறுது? அவங்க போய்ச் சேர்ற அட்ரஸ் மாறுது.

அமைப்பு இப்படி இருந்தது. முன்னால ஒரு லினக்ஸ் மெஷின், அதுல ஹெச்ஏ-ப்ராக்ஸி லோடு பேலன்சர். பின்னால ரெண்டு அப்ளிகேஷன் சர்வர். மொதல்ல ஒரே ஒரு இன்டர்நெட் லைன்தான். ரோட்டைத் தோண்டும்போது ஃபைபர் அடிக்கடி அறுந்துடுதுன்னு, வேற கம்பெனியில ரெண்டாவது லைன் வாங்கினாங்க. லோடு பேலன்சர்ல இன்னொரு நெட்வொர்க் கார்டுல அதை மாட்டினாங்க. டிஎன்எஸ்ல ஒரே பேருக்கு ரெண்டு ஐபி அட்ரஸ் போட்டாங்க. நோக்கம் நல்ல நோக்கம்தான். பாதி பேர் இந்த லைன்ல வரட்டும், பாதி பேர் அந்த லைன்ல வரட்டும்.

எண்கள் இல்லாம இது புரியாது, அதனால உதாரண அட்ரஸ் வெச்சுக்கலாம். முதல் கால் 203.0.113.10, அதோட கேட்வே 203.0.113.1. ரெண்டாவது கால் 198.51.100.10, கேட்வே 198.51.100.1. மூணாவது கால் உள் நெட்வொர்க், 10.10.0.5. இந்தப் பொது அட்ரஸ் ரெண்டும் விளக்கத்துக்குன்னே ஆர்.எஃப்.சி 5737-ல் ஒதுக்கி வெச்சது, யாரோட சர்வரும் இல்லை.

மெஷின்ல டிஃபால்ட் கேட்வே ஒண்ணுதான் இருந்தது, முதல் லைனோடது. ரெண்டாவது லைன் வழியா வந்தவங்க எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. போன் அந்த அட்ரஸ்ல காத்திருந்து பார்த்துட்டு, சில சமயம் அடுத்த அட்ரஸை முயற்சி பண்ணும். அப்போ லேட்டா திறக்கும். சில சமயம் அதுவும் நடக்காது. ஆபீஸ் ஆளுங்க உள் நெட்வொர்க் வழியா வர்றதால இந்தச் சிக்கல் அவங்க கண்ணுலயே படலை.

வந்த வழி மெஷினுக்கு ஞாபகம் இருக்காது

ஏன் இப்படி? இங்கதான் பலருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. "பாக்கெட் எந்தக் கார்டுல வந்துச்சோ, பதில் அதே கார்டுல போகும்." போகாது. மெஷின் பதில் அனுப்பும்போது பார்க்கறது ஒண்ணே ஒண்ணைத்தான்: இது எங்கே போகணும்? சேருமிடத்தை ரூட்டிங் டேபிள்ல தேடும். டிரைவரோட போன் அட்ரஸ் உள் நெட்வொர்க்ல இல்லை, பக்கத்து நெட்வொர்க்லயும் இல்லை. அப்போ டிஃபால்ட். டிஃபால்ட்னா முதல் லைன்.

ஒரு யார்டை நினைச்சுக்கோங்க. ரெண்டு கேட். லாரி தெற்கு கேட்ல உள்ளே வந்தது, அந்த வாட்ச்மேன் ரெஜிஸ்டர்ல எழுதிக்கிட்டார். வெளியே போகும்போது உள்ளே இருக்கற சூப்பர்வைசர், "மாதவரமா? அப்போ வடக்கு கேட்ல போ"ன்னு அனுப்பிடறார். வடக்கு கேட் வாட்ச்மேன் புக்கைப் புரட்டிட்டு, "இந்த வண்டி என் கேட்ல வரவே இல்லையே, எப்படி விடறது?"ன்னு நிறுத்தறார். ரெண்டு வாட்ச்மேனும் தன் வேலையைச் சரியாத்தான் செய்யறாங்க. வண்டி மட்டும் நகராது.

நெட்வொர்க்ல அந்த வாட்ச்மேன் மூணு இடத்துல இருக்கார்.

முதல் ஆள் உங்க இன்டர்நெட் கம்பெனி. 198.51.100.10-ங்கற அனுப்புநர் அட்ரஸோட ஒரு பாக்கெட் முதல் கம்பெனி லைன்ல வெளியே வருது. "இது நான் கொடுத்த அட்ரஸே இல்லையே"ன்னு அவங்க தூக்கிப் போட்டுடலாம். பொய் அட்ரஸ் போட்டுத் தாக்கறதைத் தடுக்க இப்படித்தான் செய்யணும்னு 2000-ல் வந்த ஆர்.எஃப்.சி 2827 சொல்லுது. எல்லாக் கம்பெனியும் செய்யறதில்லை. அதனாலதான் சில இடத்துல தப்பான அமைப்பும் பல வருஷம் அதிர்ஷ்டத்துல ஓடிட்டிருக்கும்.

ரெண்டாவது ஆள், நடுவுல இருக்கற ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால். ஆரம்பப் பாக்கெட்டைப் பார்க்காத ஃபயர்வால், நடுவுல வர்ற பதிலை நம்பாது.

மூணாவது ஆள் உங்க மெஷினுக்குள்ளேயே இருக்கார். லினக்ஸ்ல ஆர்.பி. ஃபில்டர்னு ஒரு அமைப்பு. ரிவர்ஸ் பாத் ஃபில்டர். பாக்கெட் உள்ளே வரும்போதே, "இவருக்கு நான் பதில் அனுப்பினா இதே கார்டு வழியாத்தான் போகுமா?"ன்னு சோதிக்கும். மதிப்பு 1-னா கண்டிப்பு. "இல்லை"ன்னு வந்தா பாக்கெட்டைச் சத்தமில்லாம கீழே போட்டுடும். 2-னா கொஞ்சம் தளர்வு, ஏதாவது ஒரு வழியில அவரை அடைய முடிஞ்சாப் போதும். 0-னா சோதனையே இல்லை. பல லைன் இருக்கற இடத்துல இந்தச் சோதனைகளை எப்படிக் கையாளணும்னு 2004-லேயே ஆர்.எஃப்.சி 3704 பேசியிருக்கு. அதாவது, இது இருபது வருஷத்துக்கு மேல தெரிஞ்ச சிக்கல்தான்.

அந்த யார்டுல நடந்தது இந்த மூணாவதுதான். ரெண்டாவது கார்டுல டிசிபி டம்ப் ஓட்டிப் பார்த்தா, டிரைவர்களோட பாக்கெட் வரிசையா வந்துட்டே இருக்கு. பதில் ஒண்ணு கூட எந்தக் கார்டுலயும் போகலை. ஹெச்ஏ-ப்ராக்ஸி லாக்ல சின்னத் தடயம் கூட இல்லை. டிசிபி டம்ப் கார்டு பக்கத்துலயே நின்னு பார்க்குது, ஃபில்டர் அதுக்கு அப்புறம்தான் வருது. அதனாலதான் "வருது, ஆனா வரலை"ங்கற குழப்பம். மார்ஷியன் லாகை ஆன் பண்ணினதும் லாக் கொட்டிச்சு.

மூணு அவசர வைத்தியம், மூணும் ஆகாது

இந்த மாதிரி நேரத்துல மூணு யோசனை வரும்.

ஒண்ணு, "ஆர்.பி. ஃபில்டரை 0 ஆக்கிடு." அப்போ பாக்கெட் உள்ளே வரும். ஆனா பதில் இன்னும் முதல் லைன்லதான் போகும், இன்டர்நெட் கம்பெனி தூக்கிப் போடும். நம்ம வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிட்டோம், வழியை மட்டும் சரி பண்ணலை.

ரெண்டு, "ரெண்டாவது டிஃபால்ட் கேட்வேயும் சேர்த்துடு." அதே மெட்ரிக்ல சேர்த்தா லினக்ஸ் 'ஏற்கனவே இருக்கு'ன்னு மறுத்துடும். வேற மெட்ரிக்ல சேர்த்தா ஏத்துக்கும், ஆனா மெட்ரிக் குறைவா இருக்கறதுதான் எப்பவும் ஜெயிக்கும். மத்தது சும்மா உட்கார்ந்திருக்கும்.

மூணு, "உள் நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு கேட்வே போடு." இதுதான் மூணுலயும் ஆபத்தானது. உள் கேட்வே டிஃபால்ட்டா ஜெயிச்சுட்டா, வெளியே போக வேண்டிய பதில் எல்லாம் ஆபீஸுக்குள்ள நுழைஞ்சு சுத்தும். உள் காலுக்கு கேட்வே கட்டத்தைக் காலியா விடுங்க. வேற யார்டுல 10.20.0.0-ல இன்னொரு சர்வர் இருக்குன்னா, அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடுங்க. அது போதும்.

சரியான வழி: எங்கிருந்துன்னு கேட்கறது

இதுக்குத் தீர்வு பாலிசி ரூட்டிங். சேருமிடத்தை மட்டும் பார்க்காம வேற ஒரு விஷயத்தையும் பார்த்து வழி பிரிக்கறது. வடசென்னைக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. 2011 வரைக்கும் சென்னைத் துறைமுகத்துலயே நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறங்கிச்சு. கரித்தூசி ராயபுரம் வீடுகள் வரைக்கும் படிஞ்சது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்தச் சரக்கு எண்ணூர் பக்கம் மாறிச்சு. கப்பல் வர்ற கடல் அதேதான், ஆனா உள்ளே என்ன சரக்குன்னு பார்த்து வழி பிரிஞ்சது. நம்ம மெஷின்ல சரக்குக்குப் பதிலா அனுப்புநர் அட்ரஸைப் பார்த்துப் பிரிக்கறோம்.

செய்யவேண்டியது இதுதான். லினக்ஸ்ல ரெண்டு புது ரூட்டிங் டேபிள், 101-ன்னும் 102-ன்னும் வெச்சுக்கலாம். டேபிள் 101-ல டிஃபால்ட் 203.0.113.1, முதல் கார்டு வழியா. டேபிள் 102-ல டிஃபால்ட் 198.51.100.1, ரெண்டாவது கார்டு வழியா. அப்புறம் ஐபி ரூல்: அனுப்புநர் 203.0.113.10-னா டேபிள் 101 பார், அனுப்புநர் 198.51.100.10-னா டேபிள் 102 பார். மெயின் டேபிள்ல ஒரு டிஃபால்ட் அப்படியே இருக்கட்டும். மெஷினே புதுசா வெளியே பேச ஆரம்பிக்கும்போது, அதாவது அப்டேட் எடுக்க, டிஎன்எஸ் கேட்க, அது தேவை.

ஒரு நுணுக்கம். அந்தப் புது டேபிள்கள்ல டிஃபால்ட் மட்டும் போட்டு நிறுத்தாதீங்க. நேரடியா ஒட்டியிருக்கற நெட்வொர்க்குகளையும், உள் நெட்வொர்க்கையும் சேருங்க. இல்லைன்னா பொது அட்ரஸ்ல இருந்து உள் நெட்வொர்க்குக்குப் போற பதிலும் கேட்வேக்குப் போய் நிக்கும்.

ரூல் போட்டாச்சுன்னா ஆர்.பி. ஃபில்டர் கண்டிப்பா இருந்தாலும் சண்டை வராது. அதோட கேள்விக்கு இப்போ "ஆமா, இதே கார்டு வழியாத்தான்"ங்கற பதில் கிடைக்குது. பாதுகாப்பைத் தளர்த்தாமலே வேலை முடியுது.

சரிபார்க்க யூகம் வேண்டாம். ஐபி ரூட் கெட்னு ஒரு கட்டளை இருக்கு. ஒரு வெளி அட்ரஸைக் கொடுத்து, ஃப்ரம் போட்டு நம்ம ஒவ்வொரு அட்ரஸையும் கொடுங்க. எந்தக் கார்டு, எந்த கேட்வேன்னு மெஷினே சொல்லும். கடைசியா, கட்டளையா அடிச்சது எல்லாம் ரீபூட்ல காணாமப் போகும். உபுண்டுன்னா நெட்பிளான் ஃபைல்ல ரூட்டிங் பாலிசின்னு எழுதி வைங்க. அப்புறம் தைரியமா ஒரு முறை ரீபூட் பண்ணிப் பாருங்க, பகல்ல, ஆள் இருக்கும்போது.

பின்னால இருக்கற சர்வரோட கேட்வே

இன்னொரு பக்கமும் இருக்கு. ஹெச்ஏ-ப்ராக்ஸி மாதிரி ப்ராக்ஸி முறையில, லோடு பேலன்சர் தன் சொந்த உள் அட்ரஸ்ல இருந்து சர்வரோட புதுசா பேசுது. சர்வர் பதில் தானா லோடு பேலன்சருக்கே வரும். டிரைவரோட அசல் அட்ரஸ் வேணும்னா எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடர்ல அனுப்பிக்கலாம்.

1998-ல் வென்சாங் ஜாங் ஆரம்பிச்ச லினக்ஸ் விர்ச்சுவல் சர்வர்ல நேட் முறை எடுத்துக்கிட்டா கதை வேற. அங்க சர்வருக்கு அசல் பயனர் அட்ரஸ் அப்படியே தெரியும். அதனால சர்வரோட டிஃபால்ட் கேட்வே லோடு பேலன்சராவே இருக்கணும், இல்லைன்னா பதில் வேற வழியில ஓடிடும். அதே மென்பொருள்ல டைரக்ட் ரூட்டிங்னு ஒரு முறையும் இருக்கு. அதுல பதில் லோடு பேலன்சரைத் தொடாமலே நேரா பயனருக்குப் போகும். போற வழியும் வர்ற வழியும் வேறயா இருக்கறது மட்டுமே தப்பு இல்லைன்னு இதுலேர்ந்து தெரியுது. யாரும் முடிவு பண்ணாம வேறயா இருக்கறதுதான் தப்பு.

எஃப்5 பிக்-ஐபி மாதிரி பெட்டிகள்ல ஆட்டோ லாஸ்ட் ஹாப்னு ஒரு வசதி இருக்கு. பாக்கெட்டை யார் கையால கொடுத்தாங்களோ அந்த ரூட்டரோட மேக் அட்ரஸை ஞாபகம் வெச்சு, அவங்ககிட்டயே பதிலைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பெட்டியில பழகிட்டு லினக்ஸுக்கு வர்றவங்க, இங்கயும் அப்படித்தான்னு நினைச்சுடுவாங்க. லினக்ஸ்ல அது தானா நடக்காது.

ரெண்டு லைன்னா ரெண்டு உயிரா?

அந்த யார்டைப் பத்தி இன்னொரு விஷயம். ரெண்டாவது லைன் வாங்கினதே ஃபைபர் அறுந்தாலும் வேலை நடக்கணும்னுதான். ஆனா முதல் லைன் ரோட்டுல எங்கயோ அறுந்தா என்ன ஆகும்? மோடம் விளக்கு எரியும், கார்டு "லிங்க் அப்"னு காட்டும், டிஃபால்ட் ரூட் அப்படியே நிக்கும். எல்லாப் பதிலும் செத்த லைனுக்கே போகும். ரெண்டு மாச வாடகை கட்டின பேக்கப் லைன் ஒரு நிமிஷம் கூட உண்மையான பேக்கப்பா இருந்ததில்லை.

அதனால ரூல் போட்டா மட்டும் போதாது. ஒவ்வொரு கார்டு வழியாவும் வெளியே ஒரு தொலைவு அட்ரஸை அடைய முடியுதான்னு அடிக்கடி சோதிக்கற ஒரு ஏற்பாடு வேணும். பக்கத்து கேட்வேயை மட்டும் பிங் பண்ணினா ரோட்டுல அறுந்தது தெரியாது. முடியலைன்னா மெயின் டேபிள் டிஃபால்ட் மாறணும், டிஎன்எஸ்ல இருந்து அந்த அட்ரஸும் விலகணும். அப்புறம், ஒரு நாள் ஆள் வெச்சு முதல் லைன் கேபிளைக் கையால பிடுங்கிப் பாருங்க. பிடுங்கிப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீங்க.

போய்க் கேட்கவேண்டிய கேள்விகள்

உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு மெஷின் இருந்தா, நாலு கேள்வி கேளுங்க. டிஃபால்ட் கேட்வே எத்தனை, எந்த டேபிள்ல? ஒவ்வொரு பொது அட்ரஸுக்கும் பதில் எந்தக் கார்டுல போகுது, ஐபி ரூட் கெட் என்ன சொல்லுது? உள் காலுக்கு கேட்வே ஏதாவது இருக்கா? கடைசியா எப்போ வெளியே இருந்து, ரெண்டு அட்ரஸையும் தனித்தனியா, ஒரு சாதாரணப் போன்ல சோதிச்சோம்?

நாலாவதுதான் முக்கியம். முழுசா நின்னு போன சிஸ்டத்தைப் பத்து நிமிஷத்துல யாராவது கண்டுபிடிச்சுடுவாங்க. பாதி வேலை செய்யற சிஸ்டம் வாரக்கணக்குல ஓடும். ஏன்னா வேலை செய்யற பாதியில நாம இருப்போம், செய்யாத பாதியில வெளியே நிக்கறவங்க இருப்பாங்க. அவங்க சொல்ற புகாரை "போன் சரியில்லை"ன்னு தள்ளிவிடறது ரொம்ப சுலபம். அந்த யார்டுல மாத்தினது டேபிள் ரெண்டு, ரூல் ரெண்டு, வேலை அரை மணி நேரம். ஒரு டிரைவர் சொன்ன ஒரு வரியைக் காது கொடுத்துக் கேட்க ஆன நேரம் ரெண்டு வாரம்.

அடுத்த எபிசோட்ல, முன்னால இருக்கற லோடு பேலன்சரே செத்துப்போனா என்ன பண்றதுன்னு பார்க்கலாம். கீப்-அலைவ்-டியும் விஆர்ஆர்பியும் வரும். கேள்வி இருந்தா அனுப்புங்க.